அத்தானின் இடது கன்னம்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், 1977 ஏப்ரல் கடைசியில், என் அக்கா கிரேசி ஒரு டிரங்குப் பெட்டியோடு நாசரேத் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அத்தான் அடித்தாரா என்று அம்மா கேட்டாள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. பின்னே என்னதான் குறை என்றதற்கு அக்கா சொன்னாள்: "சிரிக்க மாட்டேங்காரும்மா."

எங்கள் குடும்பத்தில் இது போதுமான காரணம் அல்ல. காலமான என் அப்பா மொத்தம் இரண்டு முறை சிரித்ததாகத்தான் தகவல். ஆனால் அக்காவிடம் இன்னும் இருந்தது. அத்தான் ஜெபசீலன் முகத்தைத் தொட விடுவதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வராமல் முத்தையாபுரம் பஸ் ஏறுகிறார். சாயங்காலம் வரும்போது சட்டையில் விறகுப் புகை வாசனை.

"நம்ம வீட்டுல ஸ்டவ்வு" என்றாள் அக்கா. அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

இதற்கெல்லாம் மேலே ஜெர்மனி இருந்தது. அத்தானுக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை. எழுபத்தைந்தில் அவரை ஆறு மாசப் பயிற்சிக்கு ஹாம்பர்க் அனுப்பினார்கள். போய் வந்த மாசமே முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. காப்பி குடித்தால் கடைவாயில் வழிந்தது. இரண்டு மாசத்தில் முகம் தானாக நிமிர்ந்துகொண்டது. அம்மா உடனே சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

கர்த்தர் ஒரு நன்மை செய்தால், காணிக்கைக் கவரோடு எதற்கென்று ஒரு சீட்டும் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். ஆராதனை நடுவில் குருவானவர் அதை வாசிப்பார். மகன் பரீட்சையில் தேறியது, பசு சுகமாகக் கன்று ஈன்றது என்ற வரிசையில் அன்றைக்கு, "மருமகன் ஜெபசீலனுக்குப் பூரண சுகம் கிடைத்ததற்காக, அற்புதமணி அம்மாள்" என்று வாசித்தார். அந்தச் சங்கதி அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

அத்தான் சிரிக்காத விஷயத்தை விசாரிக்க அம்மா என்னைத் தேர்ந்தெடுத்தாள். பாளையங்கோட்டையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்துச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பவனைத்தான் வேவு பார்க்க அனுப்ப முடியும். தூத்துக்குடியில் டைப்ரைட்டிங் படிக்கப் போகிறேன் என்பது வெளியே சொல்ல வேண்டிய காரணம்.

மே மாசத் தூத்துக்குடியில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். அத்தான் மழையே இல்லாத ஊரில் குடையைப் பக்கவாட்டில் பிடித்து நடந்தார். இடது பக்கம் முழுதும் குடைக்குள் இருந்தது. நேர் ரோடு இருக்க, காற்று மறைகிற சந்தாகப் பார்த்துச் சுற்றிச் சுற்றிப் போனார். தெரிந்தவர் கண்ணில் படாமல் போகிறார் என்று குறித்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுப் பாம்பைப் பார்த்தவர்போல் அசையாமல் இருப்பார். பிறகு வலது பக்கமாக மென்று விழுங்குவார். சவரம் வலது கன்னத்துக்கு மட்டும் தினமும் நடந்தது. இடது கன்னம் வாரத்துக்கு ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே சத்தமே இருக்காது. வெளியே வரும்போது இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வடிந்திருக்கும். ஒரு கண்ணால் அழுகிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. கள்ளத்தனம் பழகியவர்களுக்கு இதுவும் கைவரும்போல என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனபின் அலமாரியில், பைபிளுக்கு அடியில், ஜெர்மன் தபால்தலை ஒட்டிய கடிதம் கிடைத்தது. ஹாம்பர்க்கில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரி ஹில்டா எழுதியது. தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ். ஒரே ஒரு தாள். தமிழில் இவ்வளவுதான் வரும்:

"அன்புள்ள ஜெபா, அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போனதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உன் முழங்காலின் பின்புறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீ வெட்கப்பட்டாய். நான்தான் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தேன். அன்று உன்னை அப்படியே விட்டிருக்கக் கூடாது."

தாள் அங்கே முடிந்தது. அடுத்த தாள் இல்லை. எனக்கு அது தேவையாகவும் படவில்லை. அந்த ஐந்து வரியையும் இன்லேண்ட் லெட்டரில் மொழிபெயர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். நாசரேத்தில் தபால்காரர் கடிதத்தை யார் பெயருக்கு வந்தாலும் அம்மா கையில்தான் கொடுப்பார் என்பதை மறந்துபோனேன்.

சனிக்கிழமை அத்தான் முத்தையாபுரம் பஸ்ஸில் முன் வாசலில் ஏறினார். நான் பின் வாசலில் ஏறினேன். ஊருக்கு முன்னாலேயே உப்பளங்களின் நடுவில் இறங்கி, வரப்பு வழியே ஒரு ஓலைக் குடிசைக்குப் போனார். வாசலில் அடுப்பு எரிந்தது. ஒரு பெண் எழுந்து அவருக்கு உட்கார இடம் காட்டினாள். நான் ஒரு உப்புக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை உப்பு. தலை கறுப்பு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஏலே, அங்கன என்ன கிளறிக்கிட்டு இருக்க? இங்கன வா" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் பேச்சித்தாய். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. புருஷன் மாசானம் அதே உப்பளத்துக் காவல்காரர், பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் அடுப்பிலிருந்த சட்டியில் கல்லுப்பை வறுத்து, துணியில் இரண்டு மூட்டையாகக் கட்டி, கையில் வைத்துச் சூடு பார்த்து அத்தானிடம் நீட்டினாள். அத்தான் கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து, ஒரு மூட்டையைப் பிடரியிலும் இன்னொன்றைக் காதுக்குக் கீழேயும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முகம் சுருங்கி இறுகியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவர் சட்டையில் வந்த விறகுப் புகை வாசனையின் முழு விவரமும் இதுதான்.

"ஒரு மணி நேரம் பேச மாட்டாரு. நீ உக்காரு" என்றாள் பேச்சித்தாய். போன வருஷம் ஆடி மாசம் இவர் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாராம். "குடிகாரன்னுதான் நெனச்சேன். கிட்டப் போயி மோந்து பார்த்தேன். வாசனை இல்ல. பொறவுதான் உப்பு வறுத்தேன்."

வெயில் சாயத் தொடங்கியபின் அத்தான் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"அத்தைதான அனுப்பிச்சாங்க?"

"டைப்ரைட்டிங் படிக்க வந்தேன் அத்தான்."

"உப்பளத்துல இன்ஸ்டிட்யூட் தொறந்துட்டானா? கடுதாசி மடிப்பு மாறியிருந்தப்பவே தெரியும்ல."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஹில்டாவின் இரண்டாம் தாள். வியர்வையில் பல தடவை நனைந்து காய்ந்திருந்தது. முதல் தாள் நின்ற இடத்திலிருந்து அது தொடர்ந்தது: உண்ணியைப் பிடுங்கி எறிந்ததோடு விட்டது தவறு, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் பத்து நாள் கழித்துச் சிவப்பாக வளையம் போட்டதே, அதையும், முகம் தொங்கியதாக நீ எழுதியதையும் என் டாக்டரிடம் இப்போது சொன்னேன். காட்டு உண்ணி கடித்தபின் முகம் தொங்குவதும், தலைவலியும், நரம்பு வலியும் அங்கே சிலருக்கு வந்ததுண்டாம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். பென்சிலின் போட்டால் சிலருக்குக் கேட்கிறதாம். "எனக்கு அறுபத்தெட்டு வயது. மறந்துபோவதற்கு முன்னால் எழுதிவிட்டேன்."

அத்தான் இந்தத் தாளை ஒவ்வொரு டாக்டரிடமும் நீட்டியிருக்கிறார். பல் டாக்டர் இதைப் படிக்கும் முன்பே மூன்று பல்லைப் பிடுங்கிவிட்டார். மூன்றும் நல்ல பல். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் மட்டும் முழுதும் படித்தார். படித்துவிட்டு, விளாத்திகுளத்து ஆடெல்லாம் உண்ணியோடுதான் திரிகிறது, ஒரு ஆடாவது தலைவலிக்கு என்று என்னிடம் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"வலி எப்படி இருக்கும் அத்தான்?"

"காதுக்குள்ள இருந்து கம்பியை இழுத்து உதடு வரைக்கும் கரண்டு விட்ட மாதிரி. காத்து பட்டாப் போதும். தலைவலி வேற. அது போறதே இல்ல. கூடும், குறையும், அவ்வளவுதான்."

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் சபையில் காணிக்கைச் சீட்டு வாசித்த நாளைச் சொன்னார். அன்றைக்குக் காலையில்தான் வலி முதல் தடவையாக வந்திருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் பூரண சுகம் என்று வாசித்துவிட்டார்கள். நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சிரித்து வைத்தார்.

"இப்ப போயி வலிக்குன்னு சொன்னா, கர்த்தர் பொய்யா, ஒங்க அம்மா பொய்யா, நான் பொய்யா? மூணு பேர்ல ஊரு யாரைக் கை காட்டும், நீயே சொல்லு."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால் சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது கதவிடுக்கில் அம்மாவின் கடிதம் கிடந்தது. முழங்கால் விவகாரம் வந்து சேர்ந்தது, இனி விசாரிக்க ஒன்றுமில்லை, சாத்தான்குளம் பக்கம் ஒரு போர்டிங் பள்ளியில் கிரேசிக்கு வேலை சொல்லியாயிற்று, திங்கட்கிழமை சேருகிறாள், தங்கலும் அங்கேயேதான் என்று எழுதியிருந்தாள். அத்தான் அதைப் படித்தார். தலையணையைச் சுவர் பக்கம் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அம்மா கோயிலுக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "மை வேற மாதிரி இருக்கே" என்றாள். வியர்வையில் வெளுத்தது என்றேன். அறுபத்தெட்டு என்று எழுதுகிறவளுக்கு நாற்பத்தெட்டாகக்கூட இருக்கலாம் என்றாள். அதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "போட்ட காணிக்கையைத் திருப்பி வாங்க முடியுமால?"

அக்கா இரண்டு தாளையும் சேர்த்து வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"உப்பு வறுத்துக் குடுக்கிறவ பேரு என்ன?"

"பேச்சித்தாய்."

"வயசு?"

"நாப்பது இருக்கும். புருஷன் பக்கத்துலேயேதான் படுத்திருந்தாரு."

"முழிச்சா, தூங்கியா?"

தூங்கி என்றேன். அக்கா யோசித்தாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று ஆராதனையில் குருவானவர் வழக்கம்போலச் சீட்டுகளை வாசித்தார். ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சியது, ஒரு பையனுக்குப் பரோடாவில் வேலை கிடைத்தது. அடுத்த சீட்டை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜெப விண்ணப்பம். என் கணவர் ஜெபசீலனுக்குச் சுகம் கிடைக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக முகத்திலும் தலையிலும் வலி. ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை, சந்தேகப்பட்டேன். எங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கவும். கிரேசி."

நானூறு பேரும் திரும்பினார்கள். இந்தத் தடவை அம்மாவின் பக்கம். அம்மா சுவரில் தொங்கிய பாட்டு நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்தது மூன்றே நம்பர். அதை ஆராதனை முடியும்வரை படித்தாள்.

வீட்டில் அக்கா டிரங்குப் பெட்டியை அடுக்கும்போது அம்மா அடுக்களையிலிருந்து கனமான இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பழைய தினசரியில் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். "நான் சுகம்னுதான் எழுதினேன். பூரணம் ஐயரா சேர்த்து வாசிச்சது" என்றாள். ஐயர் என்றால் எங்களுக்குக் குருவானவர். அவரிடம் போய் இதை விசாரிக்க யாரும் என்னை அனுப்பவில்லை.

சாயங்காலம் தூத்துக்குடி வீட்டில் அக்கா நுழைந்ததும் மின்விசிறி சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அத்தான் எழுந்து உட்கார்ந்தார். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அக்கா எதிரே உட்கார்ந்து, "எங்க இருந்து எங்க வரைக்கும்?" என்றாள்.

அத்தான் விரலை முகத்தில் படாமல், ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து, காதிலிருந்து தாடை வழியாக உதட்டு ஓரம் வரை காற்றில் கோடு போட்டுக் காட்டினார். அக்காவும் தன் விரலால் அதே கோட்டை, அதே ஒரு அங்குலம் தள்ளி, போட்டுப் பார்த்தாள். சரியா என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே இன்னொரு கிளை இருக்கிறது என்றார் அவர். நான் கடைக்குப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரி லேடி டாக்டர் ஒருவர் ஹில்டாவின் தாளை நம்பவில்லை. நம்பாமலேயே, போட்டுப் பார்ப்பதில் கெடுதல் இல்லை என்று பதினாலு நாள் பென்சிலின் ஊசி எழுதினார். தலைவலி பாதி குறைந்தது. முகத்து வலி குறையவில்லை. உண்ணியா, காற்றா, பிடுங்கிய பல்லா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஸ்தோத்திரக் காணிக்கை போடலாமா என்று அம்மா எழுதிக் கேட்டாள். பாதிக்குப் போடும் வழக்கம் உண்டா என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

சனிக்கிழமை முத்தையாபுரம் பஸ் ஏறுவது மட்டும் நிற்கவில்லை. அக்காவும் கூடப் போனாள், நன்றி சொல்லிவிட்டு வருவதற்காக. நானும் போனேன். அக்கா பேச்சித்தாயை மேலும் கீழும் பார்த்தாள். மாசானத்தைப் பார்த்தாள். மாசானம் விழித்திருந்தார், அதில் அவளுக்குத் திருப்தி. அதன்பின் சட்டியை எட்டிப் பார்த்து, சூடு பத்தாது என்றாள். பேச்சித்தாய் அகப்பையை அவள் கையில் கொடுத்தாள். அவள் கொஞ்சம் வறுத்தாள், இவள் கொஞ்சம் வறுத்தாள். ஆளுக்கொரு மூட்டை ஆனது. அத்தான் இரண்டையும் வாங்கி, ஒன்றைப் பிடரிக்கும் ஒன்றைத் தாடைக்கும் வைத்துக்கொண்டார். எது யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அப்போது அத்தான் சிரித்தார் என்று அக்கா சொல்லுகிறாள். அவள் வலது பக்கம் நின்றிருந்தாள். நான் நின்றது மூட்டை மறைத்த இடது பக்கம். என்னால் சாட்சி சொல்ல முடியாது.