யாராவது கேட்டார்களா

பழைய ரேடியோ வாங்கி விற்கும் கூட்டத்தில் அவருக்கு ‘ஆறு நொடி’ என்று பெயர். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் பத்திரமாக இருந்தது. இணைய ஏலத்தில் ஒரு சாமான் வந்தால், ஏலம் முடிய ஆறு நொடி இருக்கும்போதுதான் மனிதர் கேட்பார். அதற்கு முன் நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவர் விரல் அசையாது.

ஏன் ஆறு என்பதற்கும் அவரிடம் விளக்கம் தயாராக இருந்தது. பத்து நொடி இருக்கும்போது கேட்டால் எதிராளி முழித்துக்கொண்டு கூட்டிக் கேட்டுவிடுவான். மூன்றில் கேட்டால், இணைப்பு கொஞ்சம் இழுத்தாலும் நம்முடையது போய்ச் சேராது. ஆறில் அழுத்தினால் இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும், ஒரு நொடியில் பதிவாகிவிடும். மிச்சமுள்ள மூன்று நொடியில் எந்தக் கொம்பனாலும் ஒரு தொகையைத் தட்டி முடிக்க முடியாது. தொகையும் முழு எண்ணாக இருக்காது. ஐந்நூறு வரைக்கும் போகலாம் என்று நாலு பேர் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இவர் ஐந்நூற்று முப்பத்தேழு போட்டுவிட்டுச் சாமானைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். தோற்றவர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாசிப்பதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பிடித்த சாமானைக் கவனிப்புப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. ‘கவனிப்போர் எத்தனை பேர்’ என்று பக்கத்தின் அடியில் ஓர் எண் தெரியும். அது ஒன்று கூடினாலே மற்றவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். விற்பவரிடம் எதுவும் விசாரிக்கக்கூடாது. கேள்வியும் பதிலும் ஊருக்கே தெரியும்படி அதே பக்கத்தில் வந்து விழும். அவர் தன் கணக்கில் நுழைந்துகூடப் பார்க்க மாட்டார். வழிப்போக்கன் மாதிரி வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். வேண்டும் என்று காட்டிக்கொள்ளாதவனுக்குத்தான் எதுவும் கிடைக்கும் என்பது அவர் கட்சி. பத்து வருஷமாக அது பலித்தும் வந்தது. பலித்துத் தொலைத்ததுதான் வினை.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், வீட்டின் முன்னறையான ரேடியோ பழுதுபார்க்கும் பட்டறையில், சால்டரிங் அயன் சூடேறும் நேரத்துக்குள் அன்றைய ஏலங்களை மேய்ந்துகொண்டிருந்தார். புதிதாக ஏறிய ஒரு படம் கண்ணில் பட்டது. ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று, அதில் இரண்டு குமிழ்கள். ஒன்று கறுப்பு. இன்னொன்று வெள்ளை, அது பற்பசைக் குழாயின் மூடி.

அந்த மூடியில் ஓட்டை போட்டது அவர்தான். முப்பது வருஷத்துக்கு முன், தம்பிக்குப் பன்னிரண்டு வயசு. இரண்டு பேருமாகச் சேர்ந்து, கண்ட இடத்தில் பொறுக்கிய உதிரிகளை வைத்துச் செய்த ரேடியோ. குமிழ் கிடைக்காமல் பற்பசை மூடியை மாட்டியபோது, “அண்ணே, இதுல பல் விளக்குற ஸ்டேஷன் மட்டும்தான் வரும்” என்று சொல்லிவிட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

தம்பி வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. குடிப்பழக்கம். வேலை எதிலும் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் நிலைதடுமாறி வந்து, மேஜைமேல் இருந்த வாடிக்கையாளர் ரேடியோ ஒன்றைத் தள்ளிச் சுக்குநூறாக்கினான். “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே” என்று இவர் கத்திவிட்டார். தம்பி அலமாரியிலிருந்த இந்தப் பெட்டியை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து போன் அணைந்துகிடந்தது. போலீசில் சொன்னபோது, “வளர்ந்த ஆளுதானே, தானா வருவாரு” என்றார்கள். தெரிந்த ஊரெல்லாம் அலைந்தார். தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து அவர் அழாத வாரம் கிடையாது. வெளியே யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

படத்தின் கீழே நாலு வரி இருந்தது. ‘கையால் செய்த ரேடியோ. பாடும். உடையவர் விற்கச் சொன்னார். விவரம் வேண்டுவோர் கேட்கலாம்.’ ஆரம்ப விலை நூறு. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு. விற்பவர் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஏலத்தில் எடுத்தவருக்கு மட்டும்தான் அந்தத் தளம் முகவரியைக் காட்டும்.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்ப்பவர். பகல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடி வந்தார். படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

“நம்ம தம்பியோடதுங்க இது! கேளுங்க, உடனே கேளுங்க.”

“பொறு. அவசரப்படாதே.”

“என்ன பொறுக்கறது? இது உங்களுக்கு எப்படி வந்துச்சு, குடுத்தவரு எங்க இருக்காருன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?”

“உனக்கு இந்தத் தொழில் தெரியாது. ‘உடையவர் விற்கச் சொன்னார்’னு எவன் எழுதுவான் தெரியுமா? திருட்டுச் சாமான விக்கறவன் எழுதுவான். இல்ல, எங்கேயோ அனாதையா கிடந்தத எடுத்தவன் எழுதுவான். எத்தன பாத்திருக்கேன்! ‘இது யாரோடது’ன்னு நாம வாயத் திறந்தா, அவன் பயந்துபோய்ப் பக்கத்தையே தூக்கிடுவான்.”

அவர் சொன்னது கற்பனை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஒலிபெருக்கியின் வரிசை எண்ணை விசாரிக்கப்போய், ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கமே காணாமல் போயிருக்கிறது. விற்றவன் யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது.

“அப்ப இப்பவே ஏலம் கேட்டு வைங்களேன்.”

“கேட்டா விலை ஏறும். இதுல என்னமோ இருக்குன்னு நாலு பேரு மோப்பம் பிடிச்சுட்டு வருவான். பெட்டிக்குள்ள இருக்கற பழைய உதிரிக்காகவே அடிச்சுக்கற ஆளுங்க உண்டு. ஏழு நாள்தானே? கடைசி ஆறு நொடில நான் பாத்துக்கறேன். எடுத்துட்டா முகவரி நம்ம கையில. நேரா போய் நின்னா அவன் எங்க ஓடுவான்?”

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நாள் முழுக்க என்கிட்ட ஆயிரம் பேரு கேக்கறாங்க. கேட்டதால யாருக்கும் பஸ்ஸு போயிடல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துபோனது. அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எட்டிப் பார்த்தார். கேட்டவர் பூஜ்யம். கவனிப்போர் பூஜ்யம். கேள்விகள் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிம்மதி கூடியது. தன் கமுக்கத்துக்குக் கிடைத்த பலன் என்றே நினைத்தார். தம்பி கிடைத்தால் என்ன சொல்லி அழைத்துவருவது என்று மனசுக்குள் ஒத்திகை வேறு. பின்னறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் பண்ணி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மனைவி, “நானே ஒரு பேருல உள்ள போய்க் கேட்டுடறேன். உங்க பேரு வராது, போதுமா?” என்று போனை எடுத்தார்.

“நீ கேட்டு, அவன் தூக்கிட்டான்னா, என் தம்பிய அப்புறம் நான் எங்கடி போய்த் தேடறது?”

கத்திய கத்தலில் அவருக்கே குரல் உடைந்தது. மனைவி போனைக் கீழே வைத்துவிட்டார். நடப்பது தப்பு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டதே ஒழிய, பத்து வருஷம் ஜெயித்த மனுஷனிடம் என்ன வாதாட முடியும்?

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆறு நொடி ஒரு வெள்ளோட்டம் விட்டார். யாருக்கும் வேண்டாத, உடைந்த ரேடியோ முகப்பு ஒன்று முடிகிற தறுவாயில் இருந்தது. கை நடுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க, சரியாக ஆறில் அழுத்தினார். கச்சிதமாக விழுந்தது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டார். கம்பி இணைப்பில் கணினி, அது காலை வாரினால் கைகொடுக்கப் போனில் இன்னோர் இணைப்பு. நொடி காட்டும் கடிகாரத்தைத் தளத்தின் நேரத்தோடு மூன்று தடவை ஒப்பிட்டார். வீட்டிலிருந்த பணத்தையெல்லாம் மனசில் கூட்டி, அதன்மேல் முப்பத்தேழு சேர்த்து உச்சத் தொகையாகத் தட்டி வைத்தார்; எதிர்க்க ஆள் இல்லாவிட்டால் தளம் ஆரம்ப விலைக்கே கொடுத்துவிடும். மனைவி பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நொடி. ஒன்பது. எட்டில், எவனாவது வந்துவிட்டானா என்று கேட்டவர் எண்ணைப் பார்த்துக்கொண்டார். ஏழு. ஆறு.

அழுத்தினார்.

‘வாழ்த்துகள். நூறுக்கு உங்களுக்கே.’

“பாத்தியா!” என்று எழுந்தே விட்டார். “ஒரு பயலுக்குத் தெரியல! நூறுக்கு!”

“யாருமே வரலியே,” என்றார் மனைவி மெதுவாக. “யாருமே இல்லாத இடத்துல யாருக்குப் பயந்து ஏழு நாள் ஒளிஞ்சிருந்தோம்?”

அவர் காதில் அது ஏறவில்லை. திரையில் முகவரி வந்திருந்தது. நாலு மணி நேரப் பயணம். ஒரு சலவைக் கடையின் முகவரி. மனைவியே பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய், ஜன்னலோர இருக்கை பிடித்து உட்காரவைத்தார். “மிரட்டாதீங்க. தன்மையா கேளுங்க” என்று வண்டி நகரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

சலவைக் கடை ஒரு குறுகலான தெருவின் கோடியில் இருந்தது. உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். கம்பியில் வரிசையாகச் சட்டைகள் தொங்கின. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். இவர் போனிலிருந்த ஏலப் பக்கத்தைக் காட்டினார்.

“நீங்கதான் ரேடியோவ ஏலத்துல கேட்டவரா?”

“ஆமாங்க.” வழியெல்லாம் ஒத்திகை பார்த்த தன்மையான குரலில் கேட்டார். “இது உங்களுக்கு எங்கேர்ந்துங்க வந்துச்சு?”

“மேல் ரூம்ல இருந்தவரோடது. இங்கதான் வேலை பாத்தாரு. வியாழக்கிழமை போயிட்டாரு.”

அவருக்கு, இரண்டு நாளில் தவறவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. “எங்க போனாருங்க? ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாரா?”

அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மூக்கு. அது அப்போதுதான் அந்த அம்மாள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

“எறந்துட்டாருங்க,” என்றார். “காலைல பதினோரு மணி இருக்கும். நெஞ்சுல நோவு, பத்து மாசமா. நேத்து நாங்களே எடுத்துட்டோம். வேற யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துத்தான் எடுத்தோம்.”

இவர் சட்டை மடிக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார், இவர் உட்காரவில்லை.

“அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாரு. நம்பர் குடுங்க, நான் பேசறேன்னு எத்தனையோ தடவை கெஞ்சினேன். பிடிவாதக்கார மனுஷன். ‘மிதிக்காதேன்னு சொன்ன வாசப்படிங்க அது. நானா கூப்பிடக்கூடாது, அவரா கேக்கணும்’னாரு. எங்கிட்ட வந்த மூணு வருஷத்துல ஒரு சொட்டு குடிச்சதில்லீங்க. அத உங்ககிட்ட சொல்லணும்னு ஆசை அவருக்கு. போன வாரம் ரொம்ப முடியாம போச்சு. அப்பதான் இந்த யோசனை. இத ஏலத்துல போடுங்க, அண்ணன் தினமும் அந்தப் பக்கத்த மேயாம இருக்கமாட்டாரு, பாத்தா கேப்பாருன்னாரு. என்ன எழுதணும்னு அவரே சொன்னாரு, நான் தட்டினேன்.”

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான். எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“தினம் காலைல நான் மாடிக்குக் கஞ்சி கொண்டுபோவேன். வாயத் திறந்ததும் மொதக் கேள்வி, ‘யாராச்சும் கேட்டாங்களா?’ன்னுதான். இல்லைங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கூசிப்போச்சு. புதன்கிழமை மனசு கேக்காம, ஒருத்தர் விசாரிச்சாருன்னு பொய் சொன்னேன். போனக் குடுங்கன்னு வாங்கிப் பாத்தாரு. எல்லாம் பூஜ்யம். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.”

தையல் மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, ஒரு துண்டால் துடைத்து, அவர் முன்னால் வைத்தார். பிறகு ஏதோ தோன்றியவராக நிமிர்ந்தார்.

“நீங்க இத எப்பங்க பாத்தீங்க?”

இன்று காலைதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாளுக்குத் தெரியப்போவதில்லை. கையில் இருப்பதைக் காட்டாமல் வைத்துக்கொள்வதில் அவருக்கு நிகர் கிடையாது. ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“போன சனிக்கிழமைங்க. போட்டுப் பத்து நிமிஷத்துல.”

“அவரும் அதான் சொன்னாரு,” என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார். “பத்து நிமிஷத்துல அண்ணன் பாத்துடுவாருன்னு. பாத்தும் ஏன் இன்னும் கேக்கலைன்னுதான் கடைசி வரைக்கும் அவருக்குப் புரியல.”

ஆறு நொடி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார்.