பேரத்துக்குப் படிந்த சட்டம்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அமீருதீன் பாயைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. எடைமேடையில் லாரி ஏறினால் டிரைவரை இறங்கச் சொல்வார், கிளீனரை இறங்கச் சொல்வார், எடையைக் கூட்டிக் காட்டக் கேபினுக்குள் தண்ணீர் கேன் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தானே எட்டிப் பார்ப்பார். சொந்த மச்சான் அனுப்பிய சரக்கையே இரண்டு தடவை நிறுக்க வைத்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும், போனில் வந்த சாட்பாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அது யாரிடமும் கமிஷன் வாங்காதாம்.

ரூபினாவுக்கோ அதைக் கண்டாலே ஆகவில்லை. கம்பெனியில் நாற்பது பேருக்குச் சம்பளம், லீவு, பி.எஃப். எல்லாம் பார்ப்பவள் அவள். முன்பெல்லாம் ஒரு சந்தேகம் என்றால் பாய் அவளைத்தான் கூப்பிடுவார். அவளுக்கும் பிடிபடாவிட்டால் ராயபுரத்தில் இருக்கும் தொழிலாளர் சட்ட ஆலோசகர் வேலப்பனுக்குப் போன் போடுவாள். இப்போது வேலப்பனை யாரும் தேடுவதில்லை. ரூபினாவைக் கூப்பிடும் மணியும் ஓய்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாய் போனில் குனிந்து தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நம் நாற்காலிக்கு இது வேட்டு வைக்கப்போகிறது என்று அவளுக்குத் தோன்றும்.

அன்று மலர்க்கொடி அழுத முகத்தோடு அவள் மேஜை முன்னால் வந்து நின்றாள். பில் போடுகிற பெண், வியாசர்பாடியிலிருந்து வருகிறாள், மூன்று வருஷமாக இங்கேதான் வேலை. வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம்.

"பிரசவ லீவெல்லாம் கெடையாதாம்க்கா. இந்த மாசத்தோட நின்னுக்கோ, புள்ள பொறந்தப்பறம் வேணும்னா வந்து கேளுன்றாரு பாய். எங்க வூட்டுக்காரருக்கு ஹார்பர்ல நாள் கூலி. நானும் குந்திக்கினா இன்னாத்த துன்றது?"

"கெடையாதுன்னு யாரு சொன்னது?"

"போன்ல பார்த்துட்டுதான் சொன்னாரு."

ரூபினாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. நேரே உள்ளே போனாள்.

"பாய், மலரு சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிடுச்சு, அங்கேர்ந்து பணம் வராது. லீவும் நாமதான் குடுக்கணும், லீவு சம்பளமும் நாமதான் குடுக்கணும். இருபத்தாறு வாரம். சட்டம் கீது."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இது இல்லன்னுட்சு. நீயே பாரு" என்று பாய் போனை நீட்டினார்.

ரூபினா படித்தாள். முதல் பதில் சரியாகத்தான் இருந்தது: இரண்டாவது பிள்ளைக்கும் இருபத்தாறு வாரம். அதற்குக் கீழே பாய் தன் தொழிலைக் காட்டியிருந்தார். சாத்தாங்காட்டில் முதலில் சொன்ன ரேட்டுக்கு ஒரு துண்டுக் கம்பியைக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள். 'ரொம்ப ஜாஸ்தி' என்று டைப் அடித்திருந்தார். நிறுவனத்தின் சூழ்நிலையைப் பொறுத்தது என்று அது நெளிந்தது. 'சின்ன கம்பெனி, கட்டுப்படியாகாது' என்றிருந்தார். பன்னிரண்டு வாரத்துக்கு இறங்கி வந்தது. 'பக்கத்து ஷெட்டுல யாரும் தர்றதே இல்ல' என்று மறுபடி அடித்திருந்தார். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான், கட்டாயமில்லை என்று ஒரேயடியாகச் சரணடைந்து, கூடவே ஒரு தீர்ப்பின் எண்ணையும் கொடுத்திருந்தது.

"பேரம் பேசிகீறீங்க பாய்."

"பின்ன? எடுத்ததும் சொல்ற ரேட்டை எவனாவது ஒத்துக்குவானா? அடிச்சுக் கேட்டேன், படிஞ்சிச்சு."

சிரிப்பதா அழுவதா என்று ரூபினாவுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணெதிரே, அதே இடத்தில் அவளும் அடிக்க ஆரம்பித்தாள். கம்பெனிக்கு நல்ல லாபம், தாய்க்கு உடம்பு பலவீனம், பக்கத்து ஷெட்டில் ஒரு வருஷம் தருகிறார்கள். அது அவளிடமும் மன்னிப்புக் கேட்டது. ஐம்பத்திரண்டு வாரம் தருவதுதான் முறை என்றது. அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தது.

பாய் பதறிப்போனார். "இன்னாம்மா இது, ஒரு வருசமா?"

"இன்னும் ரெண்டு தபா கேட்டா, புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் குடுக்கும் பாய்."

அவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லாரிக்குள் ஒளித்து வைத்த தண்ணீர் கேனைக் கண்டுபிடித்தபோது வருகிற முகம் அது. "கை வெச்ச பக்கம் சாயுது. இத்தப் போயி நம்பினேனே" என்றவர், வேலப்பனுக்கு அவரே போன் போட்டார்.

"இருபத்தாறுதான் பாய். இதுக்காக அந்தப் பொண்ணை நிறுத்தினா கேஸாயிடும்" என்றார் வேலப்பன். பாய் தனக்குக் கிடைத்த தீர்ப்பின் எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்சம் தேடிவிட்டு வேலப்பன் சிரித்தார். "இது ஏதோ நெலத் தகராறு பாய். உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ரூபினா மலர்க்கொடிக்கு இருபத்தாறு வார லீவுக் கடிதத்தை அடித்து எடுத்து வந்தாள். பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரப்பர் ஸ்டாம்பைத் தேடிப் பீரோ பக்கம் போனார். போன் மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. வேறு என்னென்னவெல்லாம் பேரம் பேசி வைத்திருக்கிறாரோ? ரூபினாவால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கேள்விகள் வரை திரையை மேலே தள்ளினாள்.

அவள் பெயர் இருந்தது. 'எங்க ஆபீஸ்ல ரூபினா பாக்குற வேலையை நீயே பாத்துக்குவியா?' முடியாது, பொறுப்பான ஒரு மனிதர் தேவை என்றுதான் முதலில் சொல்லியிருந்தது. 'அந்தப் பொண்ணு சம்பளம் ஜாஸ்தி வாங்குது.' பாதி வேலையைப் பார்க்கலாம் என்றது. 'நீ ஒருத்தன் போதுமில்ல?' மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான், என்னால் முழுவதும் பார்த்துக்கொள்ள முடியும்.

ரூபினா போனைக் கையில் எடுத்து அதை மறுபடி படித்தாள். ஸ்டாம்போடு திரும்பி வந்த பாய், அவள் கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அது... சும்மா கேட்டுப் பார்த்தேம்மா."

அவள் ஸ்டாம்பை வாங்கி மலர்க்கொடியின் கடிதத்தில் அழுத்திக் குத்தினாள்.

"அடுத்த தபா என்னைப் பத்தி என்கிட்டயே கேளுங்க பாய். நான் படியமாட்டேன்."

வெளியே வந்து மலர்க்கொடியிடம் கடிதத்தைக் கொடுத்தாள். அவள் அதைப் படித்துவிட்டு ரூபினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாய் போனை டிராயருக்குள் போட்டுப் பூட்டுவது தெரிந்தது. என்றைக்காவது மறுபடி எடுப்பார் என்று, சாவியை எந்தப் பாக்கெட்டில் போடுகிறார் என ரூபினா பார்த்து வைத்துக்கொண்டாள்.