பெங்களூருக்கு ரெண்டு பாட்டில்

அனன்யாவுக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது. கல்யாணமாகி அசோக் நகர் ஃபிளாட்டுக்கு வந்த ஐந்து வருஷத்தில் அந்த வீட்டு சோபா உட்காராத சுவர் இல்லை. கிண்டியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊறுகாயிலும் கேன் தண்ணீரிலும் எத்தனை கிருமி இருக்கிறதென்று எண்ணி எழுதித் தருகிற வேலை. கிருமிகளோடு அவளுக்கு ஒரு சண்டையும் கிடையாது. நாள் முழுக்க எண்ணவும் கொல்லவும்தான் விடுகிறார்கள், வளர்க்க விட மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் எரிச்சல்.

அதனால்தான் பெங்களூரில் ஒரு சின்ன பீர் தயாரிப்புக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அன்றைக்கே எழுதிப் போட்டாள். ஒரு வாரத்தில் ஃபோன் வந்தது. பேசிய பெண்மணி சர்ட்டிஃபிகேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூன் கடைசியில் நேரில் வரும்போது நீங்களே போட்ட பீர் இரண்டு பாட்டில் கொண்டுவாருங்கள், அதைக் குடித்துப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றாள். அனன்யா அதுவரை வீட்டில் தோசை மாவைத் தவிர எதையும் புளிக்கவைத்ததில்லை.

கணவன் அனிருத் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. "சூப்பர், பண்ணு" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "நம்ம ஊர்ல வீட்ல பீர் போடப்படாது தெரியுமோல்லியோ? போலீஸ் வரும்" என்றான்.

"பத்து லிட்டருக்குப் போலீஸ் வராது. உங்கம்மா வருவா."

"அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

அனிருத்தின் அப்புறத்துக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினாள், பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது வினை.

பீர் போட ஆயிரம் வழி இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு லேசானது பை முறை. ஓர் அண்டா, அதற்குள் போட ஒரு வலைத்துணிப் பை, அவ்வளவுதான். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியைப் பையில் கொட்டி, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பையைத் தூக்கிவிட்டால் அண்டாவில் இனிப்புத் தண்ணீர் நிற்கும். அதைக் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு, ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் அனன்யாவுக்கு வராத வேலை.

பைக்கு அளவெடுத்துக்கொண்டு பாண்டி பஜாரில் தையல்காரர் ஷரஃபுதீனிடம் போனாள். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொசுவல கணக்கா கீது. யானைக்குத் தலகாணி ஒறையா?"

"வடிகட்டறதுக்கு பாய்."

"இம்மாம் பெரிய காப்பியா? எத்தினி பேரு உங்க வூட்ல?"

"ரெண்டு பேர்தான்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கைப்பிடிக்கு நாடா வைத்து, ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, அன்று மாலையே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் அறுபத்தைந்து டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஒரே சூட்டில் நிற்க வேண்டும். ஏறினாலும் கெடுதல், இறங்கினாலும் கெடுதல். மூடியைத் திறக்காமல் கம்பளியைச் சுற்றிவிட்டுப் போ என்று படித்ததையெல்லாம் மறந்து, நிமிஷத்துக்கொரு தடவை திறந்து பார்த்தாள். திறக்கத் திறக்கச் சூடு இறங்கியது. இறங்கியதென்று அடுப்பைப் பற்றவைத்தாள். ஏறிவிட்டதென்று அணைத்தாள். கடைசியில் அனிருத் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பால்கனியில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

ஊறிய பையைத் தூக்கியபோது அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சொட்டி முடிகிற வரை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? ஹால் கூரையில் ஒரு கொக்கி இருந்தது. ஃபிளாட் வாங்கிய புதிதில் மாமியார் ஜானு ஆளை வரவழைத்து அடிக்கச் சொன்னது, தொட்டில் கட்ட. ஐந்து வருஷமாக அது சும்மா தொங்கியது. ஜானு ஒவ்வொரு தடவை வரும்போதும் அதை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அண்டாவை அதற்கடியில் இழுத்துவந்து பையை அதில் கட்டினார்கள். அனன்யாவுக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்க்காமல் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

ஆறிய சாற்றை மூடிபோட்ட வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவி, மூடியிலிருந்து ஒரு குழாயைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டாள். சென்னை வெயிலில் ஈஸ்ட் வெறிபிடித்து ஆடும், பீர் நெயில் பாலிஷ் மாதிரி நாறும். குளிர்ந்த இடம் வேண்டும். விருந்தாளி அறையில் ஏசியைப் போட்டு வாளியை உள்ளே வைத்தாள். மறுநாள் காலையில் டம்ளரில் குபுக் என்று ஒரு குமிழி வந்தது. அப்புறம் இன்னொன்று. அனன்யா தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து அனிருத் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் உண்டாக்கிய ஒன்று உயிரோடிருக்கிறது என்று அவளுக்கு இருந்தது. கர்வமாகவும் இருந்தது.

புதன்கிழமை மாமனார் கஸ்தூரிரங்கன் ஃபோன் செய்தார். "அனன்யா, மயிலாப்பூர் ஆத்துல சமையலுள் பூரா ஒழுகறது. மேஸ்திரி வந்து தரையைப் பேத்துப் போட்டிருக்கான். எங்கப்பா தெவசத்தை உங்காத்துலயே பண்ணிடலாம்னு பார்க்கறேன்."

"பண்ணிடலாம்பா. ஜூன்லதானே?"

"ஜூனா? இந்த வருஷம் திதி முன்னாடியே வந்துடுத்தேம்மா. வெள்ளிக்கிழமை."

போன வருஷத் தேதியை நினைத்துக்கொண்டு, அதற்குள் பாட்டிலில் அடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் சரியென்றிருந்தாள் மகராசி. கிருமியை எண்ணத் தெரிந்தவளுக்குத் திதி வருஷா வருஷம் நகரும் என்று தோன்றவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஹாலுக்கும் அந்த அறைக்குமாக நடந்தாள்.

"எங்கயாவது எடுத்துண்டு போயிடலாமா?" என்றாள் அனிருத்திடம்.

"இந்த வெயில்லயா? நீதானே ஆடப்படாது, சூடாகப்படாதுன்னே. ரூமைப் பூட்டிடலாம். ஏசி ரிப்பேர், சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்குன்னு சொல்லிக்கலாம். ஒரே நாள்தானே."

வியாழக்கிழமை சாயங்காலமே மாமனாரும் மாமியாரும் வந்துவிட்டார்கள். ஜானு வீட்டை மூலை மூலையாகக் கழுவினாள். வெங்காயக் கூடை பால்கனிக்குப் போனது. முட்டை இருந்த டப்பாவை அனிருத் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தான். எச்சில், பத்து, விழுப்பு என்று ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டுக்கொண்டிருக்க, பூட்டிய கதவுக்குப் பின்னால் டம்ளர் குபுக் குபுக் என்றது. அனன்யாவுக்கு அது வீடு முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது. மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டாள்.

"எதுக்குடி காலி மிக்ஸி?" என்றாள் ஜானு.

"கழுவினேன்மா, காயட்டும்னு."

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாமனார் பஞ்சகச்சத்தில், மாமியாரும் அவளும் மடிசாரில். வைகாசி வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. ஹோமப் புகை வேறு. அனன்யா வடை தட்டினாள், திருக்கண்ணமுது கிண்டினாள், எள்ளுருண்டை பிடித்தாள். காது மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. மந்திரம் நிற்கும்போதெல்லாம் வாணலி ஓரத்தில் கரண்டியைத் தட்டிச் சத்தம் பண்ணினாள். இந்த ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும், பெங்களூர் போய்விடலாம், அங்கே நாளெல்லாம் இப்படி ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், ஒளித்துவைக்க வேண்டியதில்லை என்று மனசு அடித்துக்கொண்டது.

தாத்தாவின் இடத்தில் வரித்து உட்காரவைத்த பெரியவர்களுக்கு இலை போட்டு, பரிமாறி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டு எழுந்த பெரியவர்களில் வயதானவருக்குத் தலையைச் சுற்றியது. ஹாலில் பாயில் படுக்கவைத்து மாமனார் விசிறினார்.

ஜானு தீர்த்தம் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவள், பூட்டிய அறை வாசலில் அப்படியே நின்றாள். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்து ஜில்லென்று காற்று அவள் கால் விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது.

"அனிருத்," என்று கூப்பிட்டாள். "ரிப்பேரான ஏசி இப்படித்தான் குளிருமா?"

அவன் கை இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனது.

"சாவியைக் கொண்டா. அந்தப் பெரியவர் வேர்த்துக் கொட்டறார், உள்ளே ஒரு ரூம் ஐஸ் மாதிரி இருக்கு."

இனி என்ன பூட்டு, என்ன சாவி? அனிருத் திறந்தான். அனன்யா சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது ஜானு வாசற்படியில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியாக இருந்ததால் உள்ளே கால் வைக்கவில்லை. வாசனையை மட்டும் இழுத்துப் பார்த்தாள். குபுக் என்றது டம்ளர்.

"என்னது இது?"

"பீர்மா," என்றான் அனிருத்.

ஹாலில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதே என்று எல்லாமே ரகசியக் குரலில் நடந்தது. கூச்சல் போட்டிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"யாருது?"

அனிருத் அனன்யாவை ஒரு பார்வை பார்த்தான். "என்னோடதும்மா. சும்மா, ஹாபி மாதிரி. ஆபீஸ்ல எல்லாரும் பண்றா."

ஜானு ஹால் பக்கம் கையைக் காட்டினாள். "உங்க தாத்தா அந்தாண்டை இலையில உக்காந்து சாப்பிட்டிருக்கார். இந்தாண்டை இது பொங்கிண்டிருக்கு. எப்படிடா மனசு வந்தது உனக்கு?" என்றாள். கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான். அந்த மூச்சோடு கோபம் இறங்கியதை அனன்யா கண்ணால் பார்த்தாள். "சரி. ஆம்பளை. நாலு பேரோட பழகறே. இந்தக் காலத்துல யார்தான் பண்ணலை? அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பாத்ரூம்ல கொட்டிட்டுத் தலைக்குக் குளி."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்துண்டு சும்மாவாடி இருந்தே? ஒரு பொண்டாட்டி சொல்ல வேண்டாமா?"

அனன்யாவுக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் மாமியார் மேல் இல்லை. அனிருத் அவளைப் பார்த்த பார்வை மேல். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் பார்த்தாயா என்கிற பார்வை அது. நல்லவன்தான், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? அது அவன் தலையில் விழுந்தபோது ஒரு மூச்சில் மன்னிக்கப்பட்ட விஷயம். தன் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் குனிந்து வாளியின் பிடியைப் பிடித்தான். குழாய் டம்ளரிலிருந்து வெளியே வந்து தரையில் நுரை கக்கியது.

"தொடாதே," என்று ஜானுவின் பக்கமாக உள்ளே நுழைந்தாள் அனன்யா.

"நீ போ, நான் பார்த்துக்கறேன்."

"தொடாதேன்னேன்." குரல் ரகசியமாகத்தான் வந்தது. அவன் கை தானாக விலகியது. அவள் மாமியாரைப் பார்த்தாள். "அம்மா, அது அவனோடது இல்லை. என்னோடது. தானியம் வாங்கினதும் நான், காய்ச்சினதும் நான். பெங்களூர்ல பீர் போடற இடத்துல வேலைக்குக் கூப்பிட்டிருக்கா. இதுலேருந்து ரெண்டு பாட்டில் கொண்டுபோய்க் காட்டணும். கிடைச்சா நான் போயிடுவேன்."

ஜானு மகனைப் பார்த்தாள். அவன் தரையில் பரவிய நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஹாலில் மாமனார் யாருக்கோ வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ விசிறுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை ஜானுவின் மூச்சு இறங்கவில்லை, சரி என்று ஆரம்பிக்கவும் இல்லை. மருமகளை, ஐந்து வருஷமாக இந்த வீட்டில் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்த பெண்ணை, இப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். அதில் பிரியம் இல்லை. ஆனால் பார்த்தாள்.

"இது இந்த ஆத்துல இருக்கப்படாது," என்றாள் கடைசியில்.

"எடுத்துண்டு போறேன்."

அனன்யா குழாயைப் பிடுங்கிப் போட்டாள், ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தாள், வாளியை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். கனத்தது. அனிருத் கையை நீட்டினான், அவள் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். எங்கே கொண்டுபோகப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டியதுதான். மடிசார் தடுக்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

ஜானு வாசற்படியில்தான் நின்றாள். ஆள் நகராமல் வாளியோடு வெளியே போக வழியில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜானு தன் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகு சுவரில் ஒட்ட, ஒதுங்கி நின்றாள்.

"மேல பட்டுடாம போ," என்றாள்.

அனன்யா படாமல் போனாள்.