ஓரத்தில் தெரிந்த முழங்கை

ஆறாவது படம் திரையில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

படத்தில் இருந்தவர் அவள் அப்பா. அதே பல்கலைக்கழகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் பிளம்பர். பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்; மடியில் சாப்பாட்டு டப்பா, தலை தொங்கிப்போயிருந்தது. ஆறு படங்களில் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும் என்பது படக்கதை வகுப்பில் அந்தப் பருவத்துக்கான வேலை. எடுத்தவன் வகுப்பிலேயே கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய நெட்டையன். வைத்த தலைப்பு, ‘யாருமில்லாதவர்’.

விரிவுரையாளர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்காட்சியில் வாசலிலேயே இதைத்தான் மாட்டப்போகிறேன் என்று நெட்டையனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவள் படத்தின் வலது ஓரத்தையே பார்த்தாள். நீலத் துணி கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. அவளுடைய சட்டைக் கை. போன செவ்வாய்க்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் டப்பாவிலிருந்தே பிடுங்கித் தின்றது அவள்தான். குழாயைத் தானே கழற்றிப் பார்த்துத் தெப்பமாக நனைந்த ஒரு பேராசிரியரின் கதையைச் சொல்லிவிட்டு, சிரிப்பு தாங்காமல் அப்பா குனிந்த நேரம் அது.

எழுந்தாள்.

“வெட்டாத படத்தைக் காட்டு.”

எதை வெட்டுவது என்பது கதை சொல்கிறவன் இஷ்டம், அதைத்தானே இங்கே படிக்கிறோம் என்றான் நெட்டையன்.

“அவர் எங்கப்பா. ஓரத்துல தெரியறது என் முழங்கை. யாருமில்லாதவர்னு எழுதறதுக்காக என்னை வெட்டியிருக்கே.”

கதையின் உண்மை வேறு, கோபத்தை ஆறப்போட்டுவிட்டுப் பார் என்று அம்மையார் சமாதானத்துக்கு வந்தார். அவளுக்கு இன்னும் கொதித்தது. திரையைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

தண்ணீர்த் தொட்டியடியில் வேலையாக இருந்த அப்பா, போட்டோதானே, விட்டுத்தள்ளு என்றார். உன் மார்க்குக்கு வம்பு வந்துவிடப் போகிறது என்று வேறு சொன்னார். அவர் மேலேயும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. தலைப்பை வாசித்துக் காட்டினாள். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

வகுப்பு கலைவதற்குள், ஈரச் செருப்போடு வந்து நெட்டையன் முன்னால் நின்றார்.

“எனக்குப் பொண்டாட்டி இருக்கா, ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. நான் யாருமில்லாதவன்னு உனக்கு யாருப்பா சொன்னது?”

“உங்க மேல பரிதாபப்பட்டுத்தான் எடுத்தேன்” என்றான் அவன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தப் பரிதாபம் மிச்சமாயிருக்கும்.”

அந்தப் படங்களைக் கண்காட்சிப் பட்டியலிலிருந்து அம்மையார் நீக்கிவிட்டார். ஆனால் நெட்டையனும் அம்மையாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நல்ல வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் மூன்று நாள் திரிந்தாள்.

நான்காம் நாள், கண்காட்சிக்குத் தான் கொடுக்கவேண்டிய ஆறு படங்களைத் திறந்தாள். நூலகக் காவலாளி நாற்காலியில் தூங்கி வழிவது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று எடுத்தது. அவரிடம் அவளும் கேட்கவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நேரே நூலகத்துக்குப் போய்க் காட்டினாள். காவலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அழிச்சிடு.”

அவர் கண்ணெதிரே ஆறையும் அழித்தாள். மன்னிச்சிடுங்க என்றாள். காவலாளி அவளைப் பார்க்காமல் கதவைத் திறந்து பிடித்தார், அவள் வெளியே போவதற்கு.