கோபம் வந்தால் ‘நீங்க’

பதிப்பகத்தில் ஹம்சினியின் நாவலைத் தட்டச்சு செய்யக் கொடுத்தபோதே ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினவர் அணுமின் நிலையத்துக்காரர்களின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கும் அதிகாரி வீட்டம்மா. கதையோ கடப்பாக்கத்து மீன்காரிகளைப் பற்றியது. ரோகிணிக்கு அதுதான் சொந்த ஊர். அந்தக் குப்பத்தின் முதல் பட்டதாரி அவள். தன் சனம் வாயைத் திறந்தாலே வாசகன் சிரிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. இதுவும் அந்தக் கழிசடைதான் என்று நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

இரண்டாம் அத்தியாயத்தில் கை நின்றது. கடற்கரை ஏலத்தில் சந்திரம்மா கூவுகிறாள்: “இன்னாடி ராஜம், மூஞ்சிய எங்க அடகு வச்சே? கூடையத் தூக்குடி எருமை!”

“வந்துகினுதானே கீறேன்? கண்ணு அவிஞ்சா போச்சு?” என்கிறாள் ராஜம். ஏலம் முடிந்ததும் ஒரே தூக்குவாளியிலிருந்து இருவரும் கஞ்சி குடிக்கிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில், தன் மகள் கல்யாணத்துக்கு ராஜம் சொல்லாமல் விட்டுவிட, சந்திரம்மா ஒரே வரிதான் பேசுகிறாள்: “நீங்க நல்லா இருங்க.”

ரோகிணி அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். குப்பத்தில் திட்டுகிற வரைக்கும்தான் உறவு. மரியாதை வந்துவிட்டால் அறுந்தது என்று அர்த்தம். இந்தம்மா எந்த மணலில் உட்கார்ந்து இதைக் கேட்டாள்? கேட்டதைக் கேலியாக்காமல் எழுதியும் வைத்திருக்கிறாளே!

அப்போதுதான் பதிப்பாளர் ராஜகோபாலன் உள்ளே வந்தார். “பேச்சையெல்லாம் நல்ல தமிழா மாத்திடும்மா. இந்த வாடி போடியெல்லாம் இருந்தா லைப்ரரியில எடுக்க மாட்டான். சாயங்காலம் அச்சுக்குப் போகணும்.”

“மாத்தினா கதையே செத்துடும் சார். ஏழாம் அத்தியாயத்துல கோபம் வந்தப்புறம்தான் ‘நீங்க’ வருது. முதல்லயே வந்தா ரெண்டு பேரும் சண்டைக்காரிங்க ஆயிடுவாங்க.”

“மரியாதையா பேசினா சண்டையா? படிச்ச பொண்ணு நீயே இப்படிச் சொல்றியே.”

படிச்ச பொண்ணு! ரோகிணி பல்லைக் கடித்தாள். பக்கத்து கம்ப்யூட்டரில் லதா இருந்தாள். படாளத்துக்காரி; மத்தியானச் சோற்றைப் பிடுங்கித் தின்னும் சிநேகிதி.

“லதா, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?”

லதா திடுக்கிட்டுத் திரும்பினாள். “இன்னாடி ஆச்சு? நான் இன்னா பண்ணேன்?”

“ஒண்ணுமில்லீங்க.”

“நேத்து உன்ன வுட்டுட்டு பஸ் ஏறினேனே, அதுக்கா? சத்தியமா மறந்துட்டேண்டி. நாலு வார்த்த திட்டிடு ரோகிணி, இப்பிடிப் பேசாத.” லதாவுக்குக் கண் கலங்கியேவிட்டது.

ராஜகோபாலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் பிரதியைப் புரட்டி, அந்த ஏழாம் அத்தியாய வரியைத் தேடிப் படித்தார்.

“அப்படியே போகட்டும்மா. ஒரு எழுத்தும் மாத்தாதே. லைப்ரரிக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

ரோகிணி துள்ளிப்போய் லதாவைக் கட்டிக்கொண்டாள். “ஏய் லூசு, சாருக்குக் காட்டத்தாண்டி அப்பிடிப் பேசினேன்!”

லதா அவள் கையை விலக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். “பரவால்லீங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

வாசல் வரை போயிருந்த ராஜகோபாலன் நின்றார்.

“ரோகிணி, இது நிஜக் கோபம்தானே?” என்றார் மெதுவாக.