சுபலட்சுமியின் பங்கு

காவிரியில் தண்ணீர் இல்லாத நாளில் செய்த சத்தியம் செல்லாது என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதனால் மேட்டூர் அணை திறந்து, அம்மா மண்டபத்துப் படிகள் முக்கால்வாசி முழுகிக் கிடக்கும் நாளாகப் பார்த்து, ஈர வேட்டியோடு கிழக்கே நின்று சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி ரெங்கராஜ், இறந்துபோன தன் மனைவியின் பசியால் குண்டானார். இதில் ஒரு எழுத்துக்கூடக் கலப்படம் இல்லை.

அவர் குண்டானது இரண்டு முறை. முதல் முறை ஆனது சொந்தப் பசியால். கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெறும்போது மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு சஃபாரி சட்டை தைக்கப் போனார். தையல்காரர் இம்தியாஸ் பாய் டேப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுநுனியோடு சுற்றிவரக் கிளம்பினார். முதுகுப் பக்கம் போனவர் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார். ஜங்ஷன் பிளாட்பாரத்து எடை மெஷின் அவருக்கு இரண்டு சீட்டு கொடுத்தது. சன்னதி வீதியில் எதிரே வந்த யானை ஓரமாக ஒதுங்கி நின்றது. இதைப் பார்த்த பூக்காரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

சர்க்கரை ஏறி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்ததும், மனைவி சுபலட்சுமி அவரை இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்ய வைத்தாள். வயிற்றின் மேல்நுனியைக் கோழிமுட்டை அளவுக்குப் பிரித்தெடுத்து, குடலை அதோடு நேராக இணைத்துவிடுவார்கள்; மிச்ச வயிறு உள்ளேயே சும்மா கிடக்கும். நாலு வாய்க்கு மேல் உள்ளே இறங்காது. ரெங்கராஜ் இளைத்தார். எப்படி இளைத்தார் என்றால், ஆடிக் காற்றில் காவிரிப் பாலத்தின் மேல் நடக்கும்போது அவர் கிழக்கே பறந்துவிடாமல் இருக்க, சுபலட்சுமி தன் புடவைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கூட வருவாள்.

தினமும் சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போவார்கள். சுபலட்சுமிக்கு மூட்டுவலி. அவள் தூரத்து மண்டபத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்துகொள்வாள். ரெங்கராஜ் பிரசாதக் கடையில் வரிசையில் நின்று இரண்டு தொன்னை வாங்கிவருவார். ஒருநாள் புளியோதரை, ஒருநாள் சர்க்கரைப் பொங்கல். தன் தொன்னையில் நாலு வாய் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளிடம் நீட்டுவார். பிரசாதத்தைக் கீழே போட முடியாது, நாளைக்கென்று எடுத்து வைக்கவும் முடியாது. அவளே சாப்பிட்டாக வேண்டும்.

"ஏங்க, ஆபரேஷன் உங்களுக்கு, வயிறு பெருக்கறது எனக்கா? உங்க பங்கையும் தின்னு தின்னு அடுத்த வருஷம் அந்த டேபிள்ல நான்தான் படுக்கணும்."

"படு. நான் வெளியில உக்காந்து உன் பங்கைத் தின்னுக்கறேன்."

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு கார்த்திகை மாதம் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, கோயிலுக்குப் போகலாம் என்றான பிறகு, ரெங்கராஜ் பழக்கத்தில் அந்த வரிசையில் போய் நின்றார். கடைக்காரர் அழகிரி இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கேட்காமலே இரண்டு தொன்னையை எடுத்து வைத்தார்.

"என்னண்ணே, ஆளையே காணோம்? வெளியூரா?"

"ம்."

"அண்ணி தூணடியில உக்காந்துட்டாங்களா?"

மறுபடியும் "ம்" என்றுதான் வாயில் வந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். இரண்டு தொன்னையோடு நகர்ந்துவிட்டார்.

வீதியில், வீட்டில், ரேஷன் கார்டில், பேங்கில், எல்லா இடத்திலும் சுபலட்சுமி இறந்துவிட்டாள். அழகிரியின் கடையில் மட்டும் அவள் தூணடியில் உட்கார்ந்து மூட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு இடத்தை ரெங்கராஜ் விடவில்லை. தினமும் போனார். தினமும் அழகிரி கேட்டார். தினமும் இவர் "ம்" என்றார்.

இரண்டாவது தொன்னையை வீட்டு மேஜையில் அவள் உட்காரும் பக்கம் வைப்பார். விளக்கேற்றும் வரை அது அங்கேயே இருக்கும். அப்புறம்? பிரசாதமாயிற்றே. அவரே சாப்பிடுவார். சர்க்கரைப் பொங்கல் வாங்கிய நாளென்றால் அந்தக் குட்டி வயிறு இனிப்பைத் தாங்காது. உடம்பு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். கட்டிலில் சாய்ந்துகொள்வார். வீட்டில் வேறு சத்தமில்லை. அந்தப் படபடப்பாவது பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று படுத்திருப்பார். போகப் போக வயிறு பழகிவிட்டது. வேர்ப்பதும் நின்றுவிட்டது. அது நின்றதில் அவருக்கு வருத்தம்தான்.

சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து ஓடத் தொடங்கின. ஒன்று ராஜகோபுரத்தைத் தாண்டிப் போய் ஒரு தேங்காய்க் கடையில் கண்டெடுக்கப்பட்டது. சர்க்கரை திரும்பி வந்தது. தூக்கத்தில் மூச்சு மறுபடி நின்று நின்று வந்தது. கைலாசபுரத்தில் குடியிருக்கும் மகள் சுபஸ்ரீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மத்தியானத் தூக்கத்தில் அப்பாவின் மூச்சு நின்றதைப் பார்த்தாள். உலுக்கி எழுப்பினாள். அவர் கண் திறந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அம்மாவும் இப்படித்தான் என்கிட்ட சொல்லாமப் போனா. நீங்களும் சொல்லாமப் போயிருங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறீங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்ரீனைப் பார்க்கும் முன்பு உணவு ஆலோசகர் அற்புதம்மாளைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன சாப்பிடறீங்க சார்?"

"காலையில இட்லி ஒண்ணு. மத்தியானம் ஒரு கரண்டி சாதம், காய். ராத்திரி கஞ்சி."

"இதைச் சாப்பிட்டா குருவிகூட இளைச்சுப் போயிரும். வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

"அப்பா, பிரசாதம்?" என்றாள் சுபஸ்ரீ.

"பிரசாதம் எப்படிம்மா சாப்பாட்டுல சேரும்? சாப்பாட்டைத்தானே கேக்கறாங்க."

அவர் மறைக்கவில்லை. மனதார அப்படித்தான் நினைத்திருந்தார். பெருமாள் உண்டது போக மிச்சம் வருவதை யாராவது தீனியில் சேர்ப்பார்களா?

"எங்க சர்ச்சுல நாக்கு நுனியில ஒரு துணுக்கு அப்பம் வைப்பாங்க. உங்க சாமி எவ்வளவு வைக்குது?" என்றார் அற்புதம்மாள்.

"தொன்னை நிறையங்க."

"ஒரு தொன்னையா?"

"ரெண்டு."

"ரெண்டா? யாரு சார் ரெண்டு சாப்பிடச் சொன்னா?"

"ஒண்ணு என்னோடது இல்லைங்க. அவ பங்கு."

சுபஸ்ரீ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அற்புதம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

டாக்டர் சம்ரீன் சின்ன வயதுக்காரர். பேச்சு பொறுமையாக இருக்கும். திரும்பவும் என்னென்ன செய்யலாம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிறும் குடலும் சேருகிற வாய் தளர்ந்து அகலமாகியிருந்தால், வயிற்றைக் கிழிக்காமல் தொண்டை வழியாகவே குழாய் விட்டு உள்ளே தையல் போட்டு இறுக்கலாம். சின்ன வயிறு பெருத்திருந்தால் அதைத் திரும்பக் கத்தரித்துச் சின்னதாக்கலாம். அதன் மேல் ஒரு வளையமும் மாட்டலாம். குடலில் இன்னும் கொஞ்ச தூரத்தை ஒதுக்கிவிட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, எடை இறங்கும். ஆனால் வயிற்றுப்போக்கு வரும், உடம்புக்கு வேண்டிய சத்தும் குறைந்துபோகும், ஆயுசுக்கும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமாக இருக்க வேண்டும். ஆபரேஷனே வேண்டாமென்றால் வாரம் ஒரு ஊசி; பசி அடங்கும்.

ரெங்கராஜ் படத்தை வெகுநேரம் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை.

"டாக்டரம்மா, இதுல எதைப் பண்ணிக்கிட்டா அந்த ரெண்டாவது தொன்னையை நிறுத்த வேண்டாம்?"

"எதுலயும் முடியாதுங்க ஐயா. அதை நிறுத்தாம நான் எத்தனை தையல் போட்டாலும், ஒரு வருஷத்துல மறுபடி இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க. ரெண்டாவது தடவை உள்ள கை வைக்கிறது முதல் தடவை மாதிரி லேசில்லை. உள்ள கேமரா விட்டுப் பாக்க அடுத்த மாசம் நாள் குடுக்கறேன். அதுக்குள்ள அது நிக்கணும்."

வெளியே பஸ் ஸ்டாப்பில் ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றபோது சுபஸ்ரீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா பங்கை நான் வாங்கிக்கறேன்ப்பா. நான் சாப்பிட்டுக்கறேன்."

"நீ கைலாசபுரத்துல இருக்கே. அவ இங்க தூணடியில இருக்கா."

"அப்பா, எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஒரு தொன்னை மட்டும் கேட்டுவிடுவதென்று போனார். அழகிரி இரண்டு வைத்தார், எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தார். போகாமல் இருந்தால் அவளை அங்கேயே தூணடியில் உட்கார வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகுமே என்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போனார். அன்றும் இரண்டு. இப்படியே நாட்கள் போயின. மகள் போனில் தினமும் கேட்டாள். "நாளைக்கு" என்றார்.

அது ஒரு சனிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. அழகிரி பழக்கமாக இரண்டு தொன்னையை நகர்த்தினார்.

"ஒண்ணு போதும் அழகிரி."

"ஏண்ணே, அண்ணி வரலையா இன்னைக்கு?"

"இல்ல."

"மூட்டுவலி ஜாஸ்தியா? நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் குடுங்க. இந்தாங்க."

"வேண்டாம்ப்பா. அவ இல்ல."

பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். "யோவ் பெரியவரே, வாங்குனா நகருங்க. குழந்தை அழுவுது."

அழகிரி அவளைக் கையமர்த்திவிட்டு ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"போயிட்டாப்பா."

"ஐயோ. எப்போ?"

ரெங்கராஜ் வருஷத்தைச் சொல்ல வாயெடுத்தார்.

"இப்பத்தான்" என்றார்.

அழகிரி கரண்டியை அண்டாவுக்குள் வைத்தார். ஈரத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஆளிடம், "நீ பாத்துக்க. நான் போய்த் தலை முழுகணும்" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தார். சாவுச் செய்தி காதில் விழுந்தால் உறவுக்காரர்கள் தலை முழுக வேண்டும். எப்போது இறந்தாலும் கேட்கிற நாள்தான் கணக்கு. சுபலட்சுமிக்கு அழகிரி எந்த உறவும் இல்லை. அவள் முகத்தைக்கூட அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. தூரத்துத் தூணடியில் ஒரு பச்சைப் புடவை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ரெங்கராஜின் தோளை ஒரு முறை பிடித்து அழுத்திவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே கொள்ளிடம் இருக்கும் திசையில் நடந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். சத்தம் போட்டவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெங்கராஜ் ஒரு தொன்னையோடு தூணடிக்கு வந்தார். அங்கே யாரும் இல்லை. வீட்டுக்குள் அவள் உடலைக் கிடத்தியிருந்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. கடந்து போனவர்கள், பெருமாளைப் பார்த்த பரவசத்தில் அழுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலு வாய் சாப்பிட்டார். மிச்சத்தை நீட்ட ஆளில்லாததால் அதையும் அவரே சாப்பிட்டார். அதற்கப்புறம் எந்த நாளும் அவர் இரண்டு வாங்கவில்லை. அழகிரியும் வைக்கவில்லை, எதையும் விசாரிக்கவும் இல்லை.

அடுத்த மாதம் கேமரா விட்டுப் பார்த்ததில், முதல் ஆபரேஷனில் பிரித்து ஒதுக்கிய பழைய வயிற்றுக்கும் குட்டி வயிற்றுக்கும் நடுவே தானாகவே ஒரு ஓட்டை திறந்து, அவர் சாப்பிட்டதெல்லாம் அந்த வழியாகப் பழைய வயிற்றுக்கே போய்க்கொண்டிருந்தது என்றும், எடை ஏறியது அதனால்தானே தவிர இரண்டாவது தொன்னையால் அல்ல என்றும் டாக்டர் சம்ரீன் சொன்னார்.