சுவரில் ஏறிய பெட்டி

மகள் கதவைச் சாத்திக்கொண்டு வேறொருவரிடம் இயற்பியல் படிக்கிறாள் என்பதை ரங்கராஜால் ஜீரணிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிரீத்திகாவுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மெக்கானிக்கல் இன்ஜினியர், சூலூரில் சொந்தமாக பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறார். எந்தக் கணக்கானாலும் முதலில் ஒரு கட்டம் போடுவார். எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று அதைச் சுற்றி அம்புக்குறிகள் போடுவார். பிறகுதான் எண்களைத் தொடுவார். போன வருட நீட் தேர்வில் பிரீத்திகாவுக்கு உயிரியலும் வேதியியலும் கை கொடுத்தன. இயற்பியல் காலை வாரிவிட்டது. அதற்காக அவள் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுதத் தயாரானபோது செல்போனில் வம்சி சாரின் வகுப்பில் சேர்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வம்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தவனாம். சாப்பிட உட்கார்ந்தாலும் வீட்டில் அவன் பேச்சுதான்.

"லிப்ட் கணக்கெல்லாம் சார் ஒரே வரில முடிச்சுபோட்டாருங்கப்பா."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேனே, அம்மணி."

"நீங்க அம்புக்குறி போட்டு முடிக்கறதுக்குள்ள பரீட்சை பேப்பரையே வாங்கிட்டுப் போயிருவாங்கப்பா."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி வெங்கடலட்சுமி சிரித்துவிட்டாள். ரங்கராஜ் அன்று மோருக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவரும் அந்த வகுப்பைப் பார்க்கத் தொடங்கினார். மகள் சரியான இடத்தில்தான் படிக்கிறாளா என்று பார்ப்பது தகப்பனின் கடமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீக்கிரமே ஒன்று தெரிந்துபோனது: அந்தப் பையன் நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. கம்பெனிக்கு வரும் இரும்பு வார்ப்பில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பதுபோல, அவன் எழுதும் ஒவ்வொரு வரியையும் பார்த்தார்.

"ஏனுங்க, பரீட்சை எழுதப்போறது அவளா, நீங்களா?" என்றாள் வெங்கடலட்சுமி.

"சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறவரு எதுக்குங்க பல்லைக் கடிக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை நேரலை வகுப்பு. இயக்க விதிகளில் வேக வேகமாகக் கணக்குப் போடும் பயிற்சி. பிரீத்திகா அவள் அறையில் இருந்தாள். ரங்கராஜ் ஹாலில் காதுக்கு வயர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள்ளிருந்து வம்சியின் சிரிப்புச் சத்தம் முதலில் வரும். சில நொடி தள்ளி அதே சிரிப்பு அவர் காதுக்குள் கேட்கும். அதுகூட மகளைத் தாண்டித்தான் தனக்கு வருகிறது என்று நினைத்தார்.

அப்போதுதான் அந்தக் கணக்கு வந்தது. இரண்டு கிலோ பெட்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்து அறுபது நியூட்டன் விசையால் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். உராய்வுக் குணகம் அரை. பெட்டி அசையாமல் நிற்கிறது. உராய்வு விசை எவ்வளவு?

"அறுபதில் பாதி, முப்பது. அடுத்தது," என்றான் வம்சி.

ரங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது என்பது அந்தச் சுவரால் அதிகபட்சம் தரக்கூடிய உராய்வு. பெட்டியின் எடை இருபது நியூட்டன்தான். கீழே இழுப்பது இருபது என்றால் மேலே பிடித்து நிறுத்தவும் இருபதே போதும். பல வாரங்களாகத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு ஓட்டை கிடைத்துவிட்டது. அவர் செல்போனில் இருந்தது கம்பெனி விளம்பரத்துக்காகத் திறந்த அக்கவுண்ட். அதை யோசிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

'ரங்கா பம்ப்ஸ், சூலூர்' என்ற பெயரில் கருத்து விழுந்தது: "விடை தவறு. எடை இருபது, உராய்வு முப்பது என்றால் பெட்டி சுவரில் மேலே ஏறிப் போக வேண்டும்."

பிள்ளைகள் விடுவார்களா?

"பம்ப் கம்பெனிக்கு இங்க என்ன வேலை?"

"அங்கிள், எங்கூட்டு மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்குது."

"சாருக்கே கிளாஸா?"

ரங்கராஜ் காத்திருந்தார். இப்போது அந்தப் பையன் மழுப்புவான், அல்லது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவான். இரண்டில் எது நடந்தாலும் பிரீத்திகா பார்த்துக்கொண்டிருப்பாள்.

வம்சி படித்தான். பலகைப் பக்கம் திரும்பினான். "இருங்க, இருங்க. அவர் சொல்றது சரி. அவசரத்துல தப்பாப் போட்டுட்டேன்," என்றான். கட்டம் ஒன்றைப் போட்டு, நான்கு பக்கமும் அம்புக்குறிகளை இழுத்தான். "பாருங்க, நானே மாட்டிக்கிட்டேன். நீங்களும் பரீட்சையில இங்கதான் மாட்டுவீங்க. பம்ப்ஸ் சார், ரொம்ப நன்றிங்க." திரையெல்லாம் இதயங்கள் பறந்தன.

அறைக் கதவு திறந்தது. ரங்கராஜ் வயரைக் கழற்றிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"அப்பா, நீங்கதானே அது?"

"தப்புன்னா தப்புன்னு சொல்லோணுமல்ல, கண்ணு."

"பாத்தீங்களாப்பா சாரை? அத்தனை பேரு முன்னால டக்குன்னு ஒத்துக்கிட்டாரு. வேற யாருங்கப்பா செய்வாங்க?" அவள் கண்கள் பளபளத்தன. "நானும் முப்பதுன்னுதான் போட்டிருந்தேன். இப்பத்தான் புரிஞ்சுது. இனி தப்புப் பண்ணவே மாட்டேன்."

"இதே கணக்கை நான் போன வருஷமே உனக்குப் போட்டுக் காட்டினேன். இதே அம்புக்குறி."

"காட்டுனீங்களா?" என்றாள். வேண்டுமென்றே கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை.

ரங்கராஜ் காது வயரைச் சுருட்டி வைத்தார்.

"சரி, சார் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்காரல்ல, நீங்களும் ஒண்ணு போடுங்கப்பா. போடலைன்னா மரியாதையா இருக்காது."

சோபாவில் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து செல்போனை எட்டிப் பார்த்தாள். அப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்காகிவிட்டது. ரங்கராஜ் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். தேவைக்கு மேலேயே தேடினார். 'நன்றி வம்சி' என்று எழுதி நிறுத்தினார்.

"'சார்'னு சேத்துப் போடுங்கப்பா."

"எம்பட வயசுல பாதி இருக்குமா அவனுக்கு?"

"அப்பா..."

அவர் விரல் அசையவில்லை. பிரீத்திகா செல்போனை அவர் கையிலிருந்து வாங்கினாள், 'சார்' என்று சேர்த்து அனுப்பினாள், அடுத்த கணக்கு தொடங்கிவிட்டது என்று அறைக்குள் ஓடினாள்.